கேப் காட் கால்வாய்க் கரையில் ஒரு நாள்: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேப் காட் விரிகுடாவையும் பஸர்ட்ஸ் விரிகுடாவையும் இணைக்கும் கப்பல் கால்வாய்தான் கேப் காட் கால்வாய். நிலத்தை வெட்டிய பகுதி ஏறக்குறைய 7 மைல் நீளம், 480 அடி அகலம், 32 அடி ஆழம். இரண்டு கரைகளிலும் தண்ணீரை ஒட்டியே தார்ப்பாதை ஓடுகிறது. சைக்கிள் ஓட்டலாம், நடக்கலாம், தூண்டில் போடலாம், கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்று தோன்றும் தூரத்தில் கப்பல் போவதைப் பார்க்கலாம்.

பாஸ்டன் பக்கம் இருக்கும் நம்மவர்கள் விருந்தினர்களை இங்கே அழைத்து வருவதை அடிக்கடி பார்க்கிறேன். இடம் எளிமையானது. ஆனால் வேலைகளை வரிசை மாற்றிச் செய்தால் பாதி நாள் காரிலேயே போய்விடும். அதனால் வரிசைப்படியே சொல்கிறேன்.

1. வீட்டிலேயே நீரோட்ட அட்டவணையைப் பாருங்கள்

இது சாதாரணக் கால்வாய் இல்லை; மதகும் கிடையாது, அடைப்பும் கிடையாது. இரண்டு முனையும் கடலுக்குத் திறந்திருக்கிறது. கிழக்கு முனையில் கடல்மட்டத்தின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் சுமார் 9 அடி, மேற்கு முனையில் சுமார் 4 அடி. ஏற்றம் வரும் நேரமும் இரண்டு முனைக்கும் நடுவில் கிட்டத்தட்ட 3 மணி நேரம் வேறுபடுகிறது. ஒரு பக்கம் தண்ணீர் உயரமாக நிற்க, மறு பக்கம் தாழ்ந்திருக்கும். அதனால் கால்வாய்த் தண்ணீர் ஒரு காட்டாறு மாதிரி ஓடும். சுமார் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாற்றும். வேகம் 4 நாட் வரைக்கும், சில நாட்களில் அதற்கு மேலும் போகும். 4 நாட் என்றால் மணிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல். வேகமாக நடக்கும் ஆளையும் அந்தத் தண்ணீர் முந்திவிடும்.

புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தப்பு, கடற்கரைக்குப் போகிற பழக்கத்தில் ஏற்ற-வற்ற அட்டவணையைப் பார்ப்பது. அது தண்ணீரின் உயரத்தைத்தான் சொல்லும். இங்கே உங்களுக்குத் தேவை நீரோட்ட அட்டவணை. உயர்ந்த ஏற்றம் வரும் நேரமும் தண்ணீர் ஓட்டம் நிற்கும் நேரமும் இந்தக் கால்வாயில் ஒன்றாக வருவதில்லை. ஏற்ற அட்டவணையை நம்பித் தூண்டிலோடு வந்தவர், கல்லைக் கட்டி இறக்கினாலும் அடித்துக்கொண்டு போகும் ஓட்டத்தின் நடுவில் வந்து நிற்பார்.

அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல நிறுவனமான நோவாவின் தளத்தில் 'நீரோட்டக் கணிப்பு' பகுதிக்குப் போய்க் கேப் காட் கால்வாயைத் தேடுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் மூன்று விஷயம் இருக்கும்: ஓட்டம் நிற்கும் நேரம், கிழக்கு நோக்கி உச்ச வேகம், மேற்கு நோக்கி உச்ச வேகம். அங்கே ஏற்ற ஓட்டம் என்றால் கிழக்கு நோக்கி, வற்ற ஓட்டம் என்றால் மேற்கு நோக்கி. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு நாள் இந்த நேரங்கள் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். போன வாரம் நண்பர் சொன்ன நேரம் இந்த வாரத்துக்கு உதவாது.

சைக்கிள் மட்டும்தான் ஓட்டப் போகிறீர்கள் என்றாலும் இதைப் பாருங்கள். விடியலை ஒட்டி ஓட்டம் திரும்பும் நாட்களில் மீன்பிடிப்பவர்கள் இருட்டோடு வந்து கரை முழுக்க நிற்பார்கள். வாகன நிறுத்தம் சூரியன் வருமுன்னே நிரம்பிவிடும். குழந்தைகளோடு வருகிறவர்கள் அந்தக் காலைகளைத் தவிர்த்து, பத்து மணிக்கு மேல் வருவது நல்லது.

2. எந்தக் கரை என்று முடிவு செய்யுங்கள்

காரில் ஏறுவதற்கு முன் எடுக்க வேண்டிய முக்கியமான முடிவு இதுதான். கால்வாயின் குறுக்கே கார் போகும் பாலங்கள் இரண்டே இரண்டு: மேற்கே போர்ன் பாலம், கிழக்கே சாகமோர் பாலம். மேற்கு முனையில் ஒரு ரயில் பாலமும் உண்டு, ஆனால் அதில் நடக்க முடியாது. கரைக்குக் கரை ஆட்களை ஏற்றிச் செல்லும் படகும் கிடையாது. எதிர்க்கரையில் நண்பர் கையசைப்பது தெரியும். அவரிடம் போய்ச் சேர பாலத்துக்குச் சுற்றிப் போக வேண்டும். கோடை வார இறுதியில் அந்தப் பாலங்களில்தான் தெற்கே கேப் காட் தீபகற்பத்துக்குப் போகும் மொத்தக் கூட்டமும் நிற்கும்.

ஊர்ப் பெயர்களை நம்பிக் கரையைக் கணக்குப் போடாதீர்கள். போர்ன் என்ற ஊராட்சி கால்வாயின் இரண்டு பக்கமும் பரவியிருக்கிறது. பஸர்ட்ஸ் பே வடகரையில், போர்ன் கிராமம் தென்கரையில். சாகமோர் தென்கரை, சாகமோர் பீச் வடகரை. இதைவிடக் குழப்பம் கிழக்கு முனையில்: தென்கரையில் உள்ள பார்வையாளர் மையமும் சாண்ட்விச் ஊர்தான், வடகரையில் உள்ள ஸ்கஸெட் கடற்கரையும் சாண்ட்விச் ஊர்தான். "சாண்ட்விச் முனையில் சந்திப்போம்" என்று சொல்லிவிட்டு இரண்டு குடும்பங்கள் எதிரெதிர்க் கரையில் நிற்பது சகஜம். எனவே இடத்தைச் சொல்லும்போது 'வடகரை' அல்லது 'தென்கரை' என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? முதல்முறை குழந்தைகளோடு வருகிறீர்கள் என்றால் நான் வடகரையைத்தான் சொல்வேன். மேற்கே பஸர்ட்ஸ் பே பொழுதுபோக்குத் திடல், நடுவில் ஹெரிங் ரன் திடல், அப்புறம் சாகமோர் பாலத்துப் பக்கம், கிழக்கே ஸ்கஸெட் என்று நிறுத்தங்கள் வரிசையாக இருக்கின்றன. யாராவது களைத்துவிட்டால் வழியில் எங்காவது காரை வரவழைத்து ஏற்றிக்கொள்ளலாம். பஸர்ட்ஸ் பேயில் குழந்தைகள் விளையாடும் பூங்காவும் பாதையை ஒட்டியே இருக்கிறது.

தென்கரையில் பாதைக்குப் பக்கத்திலேயே ரயில் தண்டவாளம் ஓடுகிறது. அதனால் உள்ளே வரவும் வெளியே போகவும் சில இடங்களில்தான் வழி. தண்டவாளத்தை இஷ்டப்பட்ட இடத்தில் கடக்கக் கூடாது. அது இன்றும் பயன்பாட்டில் உள்ள பாதை, ரயில் வரும். ஆனால் நிற்காமல் ஓட்ட விரும்புகிறவர்களுக்குத் தென்கரை அமைதியானது. கிழக்கு முனையில் உள்ள பார்வையாளர் மையம் கால்வாய் எப்படி இயங்குகிறது என்பதை நன்றாகக் காட்டும். அனுமதி இலவசம், குளிர்காலத்தில் மூடியிருக்கும்.

3. வந்து சேரும் வழி

பாஸ்டனிலிருந்து சுமார் 55 மைல். வெள்ளிக்கிழமை மாலை தெற்கே போகும் சாலையும், ஞாயிறு மதியத்துக்கு மேல் வடக்கே திரும்பும் சாலையும் பாலங்களில் அடைத்துக்கொள்ளும். பாஸ்டன் பக்கத்திலேயே இருக்கும் வடகரையைத் தேர்ந்தெடுத்தால் பாலம் ஏறவே வேண்டாம் என்பது இன்னொரு லாபம். முடிந்தால் வாரநாளில் வாருங்கள். சனிக்கிழமைதான் முடியும் என்றால் காலை எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள்.

கார் இல்லாதவர்களுக்குக் கோடை வார இறுதிகளில் பாஸ்டன் சவுத் ஸ்டேஷனிலிருந்து கேப்ஃபிளையர் ரயில் ஓடுகிறது. சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள். பஸர்ட்ஸ் பே நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடையில் வடகரைப் பாதை. அந்த ரயில் அப்புறம் ரயில் பாலத்தில் ஏறித்தான் தென்கரைக்குப் போகும், அதையும் இறங்கி நின்று பாருங்கள்.

கால்வாயையும் கரைப் பாதைகளையும் பராமரிப்பது அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை. அவர்களுடைய திடல்களில் வண்டி நிறுத்தக் கட்டணம் இல்லை. ஸ்கஸெட் மாநிலத்துக்குச் சொந்தமான இடம்; அங்கே கட்டணம் உண்டு, வெளிமாநில எண் கொண்ட வண்டிக்குக் கூடுதலாக வாங்குவார்கள்.

4. பையில் என்ன இருக்க வேண்டும்

குடிதண்ணீரை வீட்டிலிருந்தே நிறைய எடுத்து வாருங்கள். பாதை நேராக, திறந்தவெளியாக, நிழலே இல்லாமல் போகும். கடைகள் பாதையில் இல்லை, முனைகளில் உள்ள ஊருக்குள் போக வேண்டும். கழிப்பறைகள் பெரிய திடல்களில் மட்டுமே. குழந்தைகளைக் கிளம்பும்முன் அங்கே அழைத்துப் போய்விடுங்கள், அடுத்தது மைல் கணக்கில் தள்ளி இருக்கும்.

ஜூலையிலும் ஒரு மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை வேண்டும். வெயிலில் வேர்த்துவிட்டுக் கப்பலுக்காக அரை மணி உட்கார்ந்தால் கடற்காற்றில் நடுங்குவீர்கள். நம் ஆட்கள் அதிகம் மறப்பது இதைத்தான்.

மாசசூசெட்ஸ் சட்டப்படி 16 வயது வரையுள்ளவர்கள் சைக்கிளில் தலைக்கவசம் அணிய வேண்டும். பெரியவர்களும் போடுங்கள். சைக்கிளில் மணி இருக்கட்டும். தூண்டில் போடுபவர்கள் முதுகைக் காட்டி நிற்பார்கள், நீங்கள் வருவது அவர்களுக்குத் தெரியாது.

5. சைக்கிள்: காற்றை எதிர்த்துத் தொடங்குங்கள்

கோடையில் மதியத்துக்கு மேல் தென்மேற்குக் காற்று பஸர்ட்ஸ் விரிகுடாவிலிருந்து கால்வாய் வழியே நேராக வீசும். கால்வாய் ஏறக்குறைய அதே திசையில் கிடப்பதால் ஒதுங்க இடமே கிடையாது. பாதை தட்டையாக இருக்கிறதே, போகும்போது லேசாக இருந்ததே என்று கிழக்கு நோக்கிப் பறந்துவிட்டு, திரும்பும்போது எதிர்காற்றில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு வருபவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன்.

ஆகவே கிழக்கு முனையில், அதாவது வடகரையில் ஸ்கஸெட் பக்கமோ தென்கரையில் பார்வையாளர் மையத்திலோ தொடங்கி மேற்கு நோக்கிப் போங்கள். காலையில் காற்று இன்னும் வலுத்திருக்காது, சூரியனும் முதுகுப் பக்கம் இருக்கும். திரும்பும்போது காற்று உங்களைத் தள்ளிவிடும். ரயிலில் வந்து பஸர்ட்ஸ் பேயில் தொடங்குகிறவர்களுக்கு இது தலைகீழாக அமையும். அவர்கள் காற்று எழுவதற்குமுன் திரும்பிவிடுவது மாதிரி திட்டமிட வேண்டும், அல்லது பாதி தூரத்தில், ஹெரிங் ரன்னிலேயே திரும்பிவிட வேண்டும்.

ஒரு கரையில் போய் வர மொத்தம் சுமார் 14 மைல். இரண்டு கரையையும் சேர்த்துச் சுற்றாக ஓட்டலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பாலங்களின் நடைபாதை குறுகலானது, வாகனங்கள் அருகிலேயே பாய்ந்து போகும். கரைப் பாதையிலிருந்து பாலத்துக்கு நேரடியாக ஏறவும் முடியாது. நெரிசலான சாலைகளைக் கடந்துதான் போக வேண்டும். பழகிய பெரியவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு கடக்கலாம். குழந்தைகளோடு அதைச் செய்யாதீர்கள்.

பாதையில் வலப்பக்கமாகப் போங்கள், நடப்பவர்களுக்கு வழி விடுங்கள். பொறியாளர் படையின் வண்டிகளும் இதே பாதையில்தான் வரும். தூண்டில்காரர் கோலைப் பின்னால் வீசும் நொடியில் முள் பாதைக்கு மேலே வரும். மணி அடித்து, அவர் திரும்பிப் பார்த்த பிறகு கடந்து போங்கள்.

6. கப்பல் பார்க்க

எண்ணெய்க் கப்பல், இழுவைப் படகு தள்ளிவரும் பார்ஜ் என்ற தட்டையான சரக்குப் படகு, பயணக் கப்பல், பாய்மரப் படகு எல்லாம் இந்தக் கால்வாயில் வரும். ஆனால் பேருந்து மாதிரி நேர அட்டவணை கிடையாது. மரைன் டிராஃபிக் போன்ற கப்பல் கண்காணிப்புச் செயலி ஒன்றைக் கைப்பேசியில் போட்டுக்கொண்டு இரண்டு விரிகுடாவையும் பாருங்கள். கால்வாய் நோக்கி வரும் கப்பல் தெரிந்தால், அது வந்து சேரும்முன் நல்ல இடம் பிடிக்க நேரம் இருக்கும். வேகக் கட்டுப்பாடு மணிக்கு 10 மைல் என்பதால், சைக்கிளில் கப்பலோடு சேர்ந்தே போகவும் முடியும். குழந்தைகளுக்கு இதைவிடச் சந்தோஷம் அங்கே வேறு இல்லை!

சிறு படகுகள் தங்களுக்குச் சாதகமான ஓட்டம் தொடங்கும்வரை காத்திருந்து கூட்டமாக வரும். 4 நாட் ஓட்டத்தை எதிர்த்தால் 6 நாட் போகும் படகு தவழத்தான் செய்யும். நீங்கள் குறித்து வைத்த அட்டவணையில் ஓட்டம் திரும்பிய சிறிது நேரத்தில் படகு வரிசையை எதிர்பார்க்கலாம்.

ரயில் பாலத்தைப் பார்க்க வடகரையில் பஸர்ட்ஸ் பே திடல், தென்கரையில் டைடல் ஃபிளாட்ஸ் திடல். 544 அடி நீள நடுப்பகுதி எப்போதும் கப்பல்களுக்காக மேலே தூக்கியபடி நிற்கும். ரயில் வரும்போது மட்டும் அப்படியே கிடைமட்டமாகக் கீழே இறங்கும்.

ஒரு எச்சரிக்கை. பெரிய கப்பல் நெருங்கும்போது கரையோரத் தண்ணீர் முதலில் உள்வாங்கும், கப்பல் போனபின் அலையாகத் திரும்பி ஏறும். தண்ணீர் இறங்குகிறதே, நண்டு தெரிகிறதே என்று குழந்தைகள் கல்லில் இறங்குவது அந்த நேரத்தில்தான். கப்பல் வருகிறது என்றால் எல்லோரும் பாதையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

7. தூண்டில் போடுகிறவர்களுக்கு

முதலில் உரிமம். 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் கடல்மீன் பிடிக்கும் மாநில அனுமதி வேண்டும். மாநிலத்தின் மாஸ்ஃபிஷ்ஹன்ட் தளத்தில் எடுக்கலாம். 60 வயது தாண்டியவர்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் அனுமதி வாங்கியே ஆக வேண்டும். ஊரிலிருந்து வந்த அப்பாவுக்குத்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

இங்கே எல்லோரும் தேடி வருவது ஸ்ட்ரைப்டு பாஸ். ஒருவருக்கு ஒரு நாளுக்கு ஒரு மீன், அதுவும் 28 அங்குலத்துக்குக் குறையாமல் 31 அங்குலத்துக்கு உட்பட்டதாக. சின்னதும் பெரியதும் தண்ணீருக்கே. பெரிய மீன்தான் அதிக முட்டை இடும், அதனால்தான் மேல்வரம்பும் வைத்திருக்கிறார்கள். அளவு விதி மாறக்கூடியது, கிளம்பும்முன் மாநில மீன்வளத் துறைப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரை கோர்த்துப் பிடிப்பதானால் நுனி உள்ளே வளைந்த சர்க்கிள் ஹூக் வகை முள்தான் போட வேண்டும். அது வாயோரத்தில் குத்தும், வயிற்றுக்குள் போகாது. விடும் மீன் பிழைக்க அதுதான் வழி.

கரையில் வெறும் மண் இல்லை, பெரிய பெரிய கருங்கற்கள் அடுக்கியிருக்கிறார்கள். ஏற்றத்தில் நனையும் கற்களில் பாசி படர்ந்து எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும். சாதாரண ஷூவோ செருப்போ போட்டு இறங்காதீர்கள். ஆணி பதித்த அடிப்பாகத்தைக் காலணிக்கு மேல் மாட்டிக்கொண்டுதான் உள்ளூர்க்காரர்கள் இறங்குகிறார்கள். கல்லுக்கு அப்பால் உடனே ஆழம். விழுந்தவரை ஓட்டம் இழுத்துப் போய்விடும், அதனால் இருட்டில் தனியாக இறங்கவே வேண்டாம். தலையில் கட்டும் விளக்கு கட்டாயம்.

கோல் 10 அடிக்குக் குறையாமல் வலுவானதாக இருக்கட்டும். குளத்துக்கு வாங்கின சின்னக் கோலில் இந்த ஓட்டத்துக்குத் தேவையான கனத்தை வீச முடியாது. இங்கே 3, 4 அவுன்ஸ் செயற்கை இரை சாதாரணம். ஓட்டம் நிற்கும் நேரத்துக்கு ஒரு மணி முன்னாலிருந்து ஒரு மணி பின்னால் வரை புதியவர்களுக்கு நல்ல நேரம். வேகம் குறைவாக இருப்பதால் இரை அடிவரை இறங்கும், கயிறும் கட்டுப்படும்.

பக்கத்தில் ஆட்கள் நிற்கும்போது வரிசை உண்டு. ஓட்டம் எல்லாருடைய கயிற்றையும் ஒரே பக்கம் இழுக்கும். ஓட்டத்தின் கீழ்ப்பக்கம் நிற்பவர் முதலில் வீச, அடுத்தடுத்து மேல்பக்கத்து ஆட்கள் வீசினால் கயிறுகள் சேர்ந்தே நகரும், சிக்காது. வந்தவுடன் வீசாமல் சில நிமிடம் நின்று அவர்கள் தாளத்தைப் பாருங்கள். சிக்கல் வந்தால் கோபமும் வரும். அங்கே நடக்கும் பெரும்பாலான சண்டைகள் இதில்தான் தொடங்குகின்றன. இடத்தைக் குறிக்கக் கரையோர விளக்குக் கம்பங்களின் எண்ணைச் சொல்வார்கள். உதவிக்கு யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தாலும் அந்த எண்தான் உங்கள் முகவரி, நிற்கும் இடத்தின் எண்ணைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

8. தண்ணீரில் இறங்க ஆசைப்பட்டால்

கால்வாயில் நீந்தக் கூடாது. முக்குளிக்கக் கூடாது. படகில் இருந்தபடி மீன் பிடிக்கவும் கூடாது. ஜெட் ஸ்கீ உள்ளே வர அனுமதியில்லை. கயாக், நின்று துடுப்புப் போடும் பலகை இவற்றைக் காரில் கட்டி எடுத்து வருகிறவர்கள் கவனியுங்கள்: கால்வாயின் வெட்டுப் பகுதிக்குள் துடுப்புப் படகுகளுக்கு இடமில்லை. பாய்மரப் படகுகூட இயந்திரத்தை ஓட்டித்தான் கடக்க வேண்டும். கப்பலால் சட்டென நிற்கவும் முடியாது, விலகவும் இடம் கிடையாது.

நனைய வேண்டும் என்றால் ஸ்கஸெட் கடற்கரைக்குப் போங்கள். அது கால்வாய்க்கு வெளியே, கேப் காட் விரிகுடாவைப் பார்த்து இருக்கிறது. தண்ணீர் ஆகஸ்டிலும் குளிரும்.

9. ஏப்ரல், மே மாதத்தில் வந்தால்

வடகரையில் ஹெரிங் ரன் திடலில் நிறுத்துங்கள். கடலில் வளர்ந்த ஹெரிங் மீன்கள் முட்டையிடக் கால்வாய் வழியே வந்து, படிப்படியான மீன்வழியில் ஏறிக் கிரேட் ஹெரிங் ஏரிக்குப் போகும். ஓட்டத்தை எதிர்த்து அவை கூட்டமாக நிற்பதைப் பக்கத்திலேயே பார்க்கலாம். கையால்கூடப் பிடிக்கக் கூடாது. 2006 முதல் மாசசூசெட்ஸில் இதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் தடை. அங்கிருந்து போர்ன்டேல் மலைப்பாதை காட்டுக்குள் போகிறது, வெயிலுக்கு நல்ல மாற்று.

10. கிளம்பும்முன்

காட்டுப்பாதையிலோ பாதையோரப் புல்லிலோ கால் வைத்திருந்தால், காரில் ஏறும்முன் எல்லோரையும் பாருங்கள். லைம் நோயைப் பரப்பும் மான் உண்ணி இந்தப் பகுதியில் உண்டு. கசகசா அளவுதான் இருக்கும். முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்னால், தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நசுக்கவோ எண்ணெய் தடவவோ வேண்டாம். மூன்று மூன்று இலையாக, பளபளப்பாக இருக்கும் கொடியை யாராவது தொட்டிருந்தால் அது விஷக்கொடியாக இருக்கலாம், சோப்புப் போட்டு உடனே கழுவுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தென்கரையில் இருந்தால் மதியம் சாப்பாட்டுக்கு முன்பே பாலத்தைக் கடந்துவிடுங்கள். அது முடியாவிட்டால் அவசரப்படாமல் இருட்டும்வரை கரையிலேயே இருந்துவிட்டு, நெரிசல் வடிந்த பிறகு வண்டியை எடுங்கள்.